கூப்பிட்ட குரலுக்கு

லோகப்பிரியா பொதுக்கிணற்றில் சேர்ந்தது ஒரு வெட்கத்தினால். பொதுக்கிணறு என்றதும் வாளியும் கயிறும் தேட வேண்டாம், அது டெலிகிராமில் இருந்த ஒரு குழு. உழைக்கிறவர் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்ட நானூற்றுச் சொச்சம் இடதுசாரிகள், கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் இன்னும் எங்கெங்கோ இருந்துகொண்டு அதில் படித்தார்கள், எழுதினார்கள், விடிய விடியச் சண்டை போட்டார்கள். சரவணம்பட்டியில் அவள் வேலை பார்த்த கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினேழு பேரை வீட்டுக்கு அனுப்பியது. பக்கத்து இருக்கை கனிஷ்கா தன் காப்பி டம்ளரையும் சின்னச் செடித்தொட்டியையும் அட்டைப்பெட்டியில் எடுத்துவைத்துக்கொண்டு அழுதாள். மிச்சம் இருந்தவர்கள் அவரவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்கள். லோகப்பிரியாவும் திரையைத்தான் பார்த்தாள். இரண்டு நாள் அது மனசை அறுத்தது. மூன்றாம் நாள், எப்போதோ யாரோ அனுப்பியிருந்த இணைப்பைத் தொட்டு உள்ளே போனாள்.

குழுவை நடத்தியவர் முகமது ரியாஸ். உக்கடத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். புதிதாக வருகிறவரிடம் என்ன படிப்பு, எந்த ஊர், என்ன சாதி என்று எதுவும் கேட்கமாட்டார். சொந்தப் பெயர்கூட வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டும், அதற்குக் கைக்குறிப்பு என்று பெயர். நீங்கள் இன்றைக்குச் சாப்பிட்ட சோற்றுக்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது, அந்தக் கையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், ஒரு பக்கம் எழுதிப் போட வேண்டும். ஒளிவுமறைவு கூடாது. அதை எழுதும்வரை புதியவர் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம், வாய் திறக்க முடியாது.

லோகப்பிரியா 'செம்மண்' என்று பெயர் வைத்துக்கொண்டு, தன் ஊரில் பண்ணை வேலை பார்க்கும் பங்காருவின் கையைப் பற்றி எழுதினாள்.

அன்னூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டம் என்று ஆரம்பித்தாள். அங்கே மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப்போடும் மெஷினில் வலது கையின் மூன்று விரல்களை இழந்த ஒருவர், மிச்சமிருந்த இரண்டு விரல்களால் பீடிகூடப் பிடிக்காத மனிதர், 'குடித்துவிட்டுக் கையை விட்டான்' என்று தோட்டத்துச் சொந்தக்காரர் சொன்ன ஒரே ஒரு சொல்லைப் பதினோரு வருடமாகச் சுமந்து நடக்கிறார் என்று எழுதினாள். அவர் அன்று ஒரு சொட்டுக் குடிக்கவில்லை என்று எழுதினாள். தோட்டத்தில் பங்காருவை யாரும் 'அவர்' என்று சொன்னதில்லை. எழுத்தில் பக்கம் முழுக்க அவர், அவர் என்றே எழுதினாள். எழுதும்போது அவளுக்கு அழுகை வந்தது, அந்த அழுகையில் பொய் இல்லை.

ஆனால் இரண்டை விட்டுவிட்டாள். தோட்டக்காரர் நஞ்சுண்டன் தன்னைப் பெற்ற அப்பா என்பது ஒன்று. கை மெஷினுக்குள் போன அந்த நிமிஷம் பங்காரு ஏன் திரும்பினார் என்பது இன்னொன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேட்டிருக்கிறோம். இவள் சோற்றைப் பற்றி எழுதச் சொன்ன இடத்திலேயே மறைத்தாள்.

நடந்தது இதுதான். அவளுக்குப் பதினைந்து வயது. சாயங்காலம் வாசலில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது பந்து மாட்டுக்கொட்டகை ஓட்டின்மேல் போய்ச் சிக்கிக்கொண்டது. கொட்டகையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பங்காரு வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று சோளத்தட்டைப் பிடி பிடியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அவள் பின்னாலிருந்து, "பங்காரு!" என்றாள். அப்பா வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்த வீட்டில் ஒரு குழந்தைக்கும் தப்பாகத் தெரிந்ததில்லை. தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை கூப்பிட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. அவர் திரும்பி, "ஏனுங்க அம்மணி?" என்றார். முகம் திரும்பியது, கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

கைக்குறிப்பைப் பார்த்துவிட்டுப் பொதுக்கிணறு உருகிப்போனது. இப்படி ஒரு எழுத்தை இந்தக் குழு பார்த்ததில்லை என்றார்கள். ரியாஸ் அதை ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குரல்வழியாகக் கூடும் கூட்டத்தில் வாசித்தார். ஆறு மாதத்தில் செம்மண் என்ற பெயருக்கு அங்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. யாருக்கு என்ன அநியாயம் நடந்தாலும் செம்மண் என்ன சொல்கிறார் என்று பார்த்தார்கள். ஊரார் வீட்டு நெய்யே என்று அவள் அள்ளி ஊற்றிய இரக்கத்தில் அவளுக்கே ஒரு மினுக்கம் ஏறியிருந்தது. மே தினத்தன்று காலை பதினோரு மணிக்கு இணையத்தில் பெரிய கூட்டம், முதல் பேச்சு அவளுடையது, அதே கைக்குறிப்பைத் தன் குரலிலேயே வாசிக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

ஏப்ரல் கடைசி வாரம், அலுவலகச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"தோழர், வணக்கமுங்க. என்ற பேரு நவ்யா. புதுசாச் சேந்திருக்கறனுங்க. கைக்குறிப்பு எப்படி எழுதறதுன்னு பாக்கறதுக்குப் பழசெல்லாம் படிச்சுட்டு வந்தேன். நீங்க எழுதுனது எங்கப்பாவோட கையிங்க."

லோகப்பிரியா கையிலிருந்த தயிர்சாதக் கரண்டியை வைத்தாள். நவ்யா யார் என்று அவளுக்குத் தெரியும். பங்காருவின் ஒரே மகள். அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்து வாசலோரம் நின்றிருக்கும் சிறுமி. லோகப்பிரியாவுக்குப் பத்தாமல் போன பாவாடை சட்டையெல்லாம் பண்டிகைக்குப் பண்டிகை அந்தச் சிறுமிக்குத்தான் போனது. இப்போது நர்ஸ் படிப்பு முடித்துக் காந்திபுரத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக அம்மா ஒருநாள் சொன்னாள்.

அடுத்த செய்தி வந்தது.

"அவரு குடிக்கலைன்னு அத்தனை உறுதியா எழுதியிருக்கறீங்க. எங்க ஊட்டுக்கு வெளிய அதைச் சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க. நீங்க கண்ணுல பாத்தீங்களா? எங்க ஊர்ல தண்ணித் தொட்டி ஆபரேட்டரு வேலை காலியாயிருக்குது. அப்பா எழுதிக் குடுத்திருக்கறாரு. குடிச்சுட்டுக் கைய விட்ட ஆளுகிட்ட மோட்டாரைக் குடுக்க முடியாதுன்னு சொல்றாங்க. மே ஒண்ணாந்தேதி கிராமசபையில முடிவு பண்றாங்க. நீங்க யாருன்னு கேக்கமாட்டேன், குழுவோட வழக்கம் தெரியுமுங்க. நீங்க பாத்தது நெசமா இருந்தா, ஒருக்கா வந்து நின்னு சொல்லிப்போடுங்க. அது போதும்."

அந்த வேலையைப் பங்காருவுக்குத் தராமலிருக்க ஊருக்குள் வேறு காரணமும் இருந்தது. காலனி ஆள் கை பட்ட வால்விலிருந்து ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் வருவதா என்று சிலருக்குக் குமைச்சல். அதை இந்தக் காலத்தில் வாய்விட்டுச் சொன்னால் வம்பு. வாயால் சொல்ல முடியாத காரணத்துக்குப் பதிலாகச் சொல்லக்கூடிய காரணம் ஒன்று பதினோரு வருடத்துக்கு முன்பே தயாராகக் கிடைத்திருந்தது. கொடுத்தவர் நஞ்சுண்டன்.

அன்று சாயங்காலம்வரை லோகப்பிரியா பதில் எழுதவில்லை. ஏதோ கேள்விப்பட்டதை எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். குழுவைவிட்டே ஓடிவிடலாம், பெயர்தான் பொய்ப் பெயராயிற்றே. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து அழித்தாள். கடைசியில், "பாத்தேனுங்க. வாரேன்" என்று அனுப்பினாள்.

சனி, ஞாயிறோடு மே தினமும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. சனிக்கிழமை காலை அவள் போனபோது தோட்டத்து வீட்டில் நஞ்சுண்டன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா சென்னியம்மாள் மகளுக்கு இட்லி வைத்தாள்.

"அப்பா, பங்காரு அன்னிக்குக் குடிச்சிருந்தாருங்களா?"

"பங்காரு என்ன, அவரு இவருன்னுட்டு" என்றாள் சென்னியம்மாள்.

நஞ்சுண்டன் பேப்பரை இறக்கினார். "அதெல்லாம் பதினோரு வருசத்துக் கதை. இப்ப எதுக்கு கண்ணு?"

"தெரிஞ்சுக்கத்தானுங்கப்பா."

"குடிக்கலை." பேப்பரை நாலாக மடித்து வைத்தார். "உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அப்பறம் ஏனுங்கப்பா அப்படிச் சொன்னீங்க?"

"உனக்காகத்தான் சொன்னேன். நாலாம் நாளு ஆஸ்பத்திரியில எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. நீ கூப்பிட்டதால ஆச்சுன்னா போலீசு ஊட்டுக்கு வரும், உன்னையத்தான் நிறுத்திக் கேப்பாங்க. பதினஞ்சு வயசுப் புள்ளை. மூணு நாளு பச்சத்தண்ணி குடிக்காமப் படுத்துக் கெடந்தே. உன்ற மொகத்தைப் பாக்க முடியலை. குடிச்சிருந்தான்னு சொல்லிப்போட்டேன். வைத்தியம் பூராவும் நாந்தான் பாத்தேன், அன்னிக்கிருந்து அவனை வேலைய உட்டு நிறுத்துனனா? ஒரு வார்த்தைதானே."

"அவரு ஒண்ணும் சொல்லலைங்களா?"

"பக்கத்துலதான் கையில கட்டோட நின்னான். என்ற மொகத்தைப் பாத்தான். அப்பறம் டாக்டரைப் பாத்து, ஆமாங்கன்னான்."

லோகப்பிரியா இட்லித் தட்டைத் தள்ளிவைத்தாள். அப்பா என்று சொல்லாமல், அந்தப் பொய் ஒரு முதலாளியின் பொய் என்று ஆறு மாதமாக நானூறு பேருக்குச் சொல்லியிருந்தாள். அது தன்மேல் வைத்த பாசம் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. பாசம் என்பதால் பங்காருவின்மேல் விழுந்த பாரம் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை என்பதும் கூடவே உறைத்தது.

"கிராமசபையில நான் சொல்லப் போறனுங்கப்பா."

"சொன்னா ஊர்ல நான் பொய்யன்னு ஆகும்."

"ஆமாங்க" என்றாள்.

நஞ்சுண்டன் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். கட்டிக்குடுக்க வேண்டிய புள்ளை பேசற பேச்சா இது என்று சென்னியம்மாள் மூக்கைச் சிந்தினாள். மூன்று பேர் உள்ள வீட்டில் அந்த இரண்டு நாளும் மிக்சி சத்தம் மட்டும்தான் கேட்டது.

திங்கட்கிழமை காலை ஊராட்சி ஆபீசுக்கு முன்னால் வேப்பமரத்தை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் ஊர்க்காரர்கள். பின்னால் ஜமுக்காளம், அதில் பெண்கள். அதற்கும் பின்னால் மரத்தடியில் காலனி ஆட்கள் நின்றார்கள். உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நின்றார்கள். பங்காரு வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு மரத்துக்கு அந்தப்புறம் நின்றார். நவ்யா போனைக் கையில் பிடித்தபடி வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். லோகப்பிரியா உள்ளே வந்தபோது ஒரு கணம் பார்த்துவிட்டு, கண்ணை வேறு பக்கம் கொண்டுபோனாள். அவள் தேடியது செம்மண்ணை.

செயலர் குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று தீர்மானங்களை வாசித்துக்கொண்டே போனார். லோகப்பிரியாவின் போன் அதிர்ந்தது. பதினோரு மணி. ரியாஸ் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. எடுத்தால் ஆபீசுக்குப் பின்புறம் போய் அழகாக வாசித்துவிடலாம், நானூறு பேர் கைதட்டுவார்கள். இங்கே யாரும் கைதட்டப் போவதில்லை. போனை அணைத்தாள்.

"தொட்டி ஆபரேட்டர் வேலைக்கு பங்காருன்னு ஒருத்தர் விண்ணப்பம்" என்றார் செயலர்.

முன்வரிசையில் மளிகைக்கடைக் கோவிந்தராஜுலு எழுந்தார். "ஆளு நல்ல ஆளுதானுங்க. நான் கொறை சொல்லலை. ஆனா மோட்டாரு, கரண்டு சமாச்சாரம் பாருங்க. போதையில கைய உட்ட ஆளு, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது? நஞ்சுண்டண்ணனைக் கேளுங்க, அவரு தோட்டத்துலதானே நடந்துச்சு."

எல்லாத் தலைகளும் நஞ்சுண்டன் பக்கம் திரும்பின. அவர் மடியில் கிடந்த துண்டைப் பார்த்தார். ஆமாம் என்று அவர் தலையசைத்திருந்தால் அத்தோடு அடுத்த தீர்மானம் வாசித்திருப்பார்கள். அசைக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.

லோகப்பிரியா ஜமுக்காளத்திலிருந்து எழுந்தாள். என்ன சொல்வது என்று இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தாள். 'பங்காரு அண்ணன் அன்னிக்குக் குடிக்கலைங்க' என்பது முதல் வாக்கியம். அத்தனை முகங்களும் தன்னைப் பார்த்ததும் அது கலைந்துபோனது. முதல் சொல் வந்தது, இரண்டாவது வரவில்லை. சின்ன வயதிலிருந்து போய்ப் பழகிய தடத்திலேயே நாக்கு போயிற்று.

"பங்காரு" என்றாள், வாசலில் நின்று கூப்பிடுகிற அதே குரலில்.

மரத்துக்கு அந்தப்புறமிருந்து, "ஏனுங்க அம்மணி?" என்று பங்காரு ஓடிவந்தார். ஆட்களை விலக்கிக்கொண்டு, ஜமுக்காளத்தை மிதிக்காமல் சுற்றி, அவளுக்கு முன்னால் வந்து லேசாகக் குனிந்து நின்றார். வந்த வேகத்தில் துண்டு நழுவிக் கை வெளியே தெரிந்தது.

லோகப்பிரியா அந்தக் கையைப் பார்த்தாள். தான் செய்தது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இப்படித்தானுங்க" என்றாள். "அன்னிக்கும் நான் இப்படித்தான் கூப்பிட்டேன். ஷட்டில் பந்து எடுத்துக் குடுக்கச் சொல்லி. மெஷினு ஓடிட்டிருந்துச்சு. இப்படித்தான் திரும்புனாரு. இவரு குடிக்கலைங்க. நான் கூப்பிட்டேன், அதனாலதான் கை போச்சு. எங்கப்பா என்னையக் காப்பாத்தறதுக்கு மாத்திச் சொன்னாரு. நானும் பதினோரு வருசமா வாயத் திறக்கலைங்க."

ஊராட்சித் தலைவர் அம்மா, "ஏனப்பா பங்காரு, இத்தனை வருசமா நீ ஏன் சொல்லலை?" என்று கேட்டார்.

"ஆரும் கேக்கலைங்களே" என்றார் பங்காரு.

கோவிந்தராஜுலு இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காருவதா, பேசுவதா என்று தெரியாமல் நஞ்சுண்டனைப் பார்த்தார். நஞ்சுண்டன் எழுந்தார். "என்ற புள்ளை பொய் சொல்லாதுங்க" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மகளைப் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தலைவர் அம்மா செயலரிடம், "அந்தப் புள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்க. எழுதிட்டு, வேலைக்கு இவரு பேரையும் எழுதுங்க" என்றார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

கூட்டம் கலைந்தபோது நவ்யா வந்தாள். போன் இன்னும் கையில் இருந்தது.

"வாரேன்னு சொன்னவங்களைத்தான் தேடிட்டிருந்தேன். நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

நவ்யா போனைப் பைக்குள் போட்டாள். "அதைப் படிச்சுட்டு ராத்திரியெல்லாம் அழுதேனுங்க. நம்ம அப்பாவுக்குன்னு ஒருத்தர் இருக்கறாங்களேன்னு. நீங்க கூப்பிட்டதை மட்டும் ஏன் எழுதலைங்க?"

லோகப்பிரியா அணைத்துவைத்திருந்த போனை எடுத்தாள்.

"எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, நவ்யா அப்பாவின் துண்டைச் சரிசெய்து அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். மன்னித்தாளா என்றால், அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. லோகப்பிரியாவும் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே தன் கைக்குறிப்பின் கீழே விட்டுப்போன இரண்டையும் எழுதினாள். செம்மண் என்ற பெயரை அடித்துவிட்டு லோகப்பிரியா, நஞ்சுண்டன் மகள் என்று போட்டாள். பொதுக்கிணறு கொந்தளித்தது. ஏமாற்றிவிட்டாள் என்றார்கள் சிலர். தோட்டக்காரன் மகளுக்கு இங்கே என்ன வேலை என்றார்கள் சிலர். முன்பு உருகி உருகி எழுதியவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். சாயங்காலம் ரியாஸ் எழுதினார்: "காலையில ரொம்பக் காத்திருந்தோம், வருத்தந்தான். ஆனா கைக்குறிப்பு இல்லாம ஆரையும் சேக்கறதில்லை. கணக்குப்படி பாத்தா நீங்க இன்னிக்குத்தான் சேந்திருக்கீங்க."

நஞ்சுண்டன் மகளோடு பேச ஒரு மாதம் ஆனது. பேசியபோதும் மாட்டைப் பற்றித்தான் பேசினார்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லோகப்பிரியா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். பங்காரு தரையோடு குந்தி உட்கார்ந்து, இடது கையால் வால்வுச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். வலது கையின் இரண்டு விரல்கள் அதற்குத் துணைக்கு நின்றன. அன்று கொட்டகையில் அவள் பார்த்த அதே முதுகுதான், இப்போது கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. அவரிடம் சொல்ல வேண்டியதை அவள் இன்னும் நேரில் சொல்லவில்லை. கொஞ்ச தூரத்திலேயே நின்றுகொண்டாள்.

"ஏனுங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. சத்தம் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக, "ஏனுங்க" என்றாள். பங்காரு தனக்கு முன்னால் போகும் பாதையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார், ஊர்ப் பெரியவர் யாராவது வருகிறார்களா என்று. யாரும் இல்லை. மறுபடி வால்வுக்குக் குனிந்தார். அறுபது வருட வாழ்க்கையில் அந்த ஊரில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பேரைச் சொன்னால் உடனே திரும்புவார். அவள் சொல்லவில்லை. வால்வு முழுசாகத் திறந்து, குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டு, அவர் கையைத் துடைத்துக்கொண்டு தானாக எழுந்து திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தாள்.